கடலின் சுண்ணாம்புக் கணக்கு

 

பதுளையில் நின்று கடலைப் பற்றிப் பேசுவதென்றால் அதற்கொரு காரணம் சொல்லியாக வேண்டும். ஊவா மாகாணத்துக்குக் கடற்கரையே கிடையாது. பசறையிலோ அப்புத்தளையிலோ பிறந்த பிள்ளைகளில் பலர் பாடசாலைச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறார்கள். ஆனாலும் கடலுக்குள் இன்று நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றத்தைக் கரையோரத்து மக்களைவிடத் தோட்டத்து மக்களால் சுலபமாகப் புரிந்துகொள்ள முடியும். மண் புளித்துப்போனால் என்ன ஆகும், அதற்கு என்ன மருந்து போட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம்.

கவ்வாத்து வெட்டி முடிந்த மலையில் வெள்ளை வெளேரென்று டொலமைட் தூவிக் கிடப்பதைப் பார்க்காதவர்கள் இந்த அவையில் இருக்க மாட்டார்கள். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. மண்ணின் பீஎச் பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் அது நன்றாக வளரும். ஆனால் ஆண்டுக்காண்டு போடும் நைதரசன் உரம், அமோனியம் சல்பேற்றானாலும் யூரியாவானாலும், மண்ணை மேலும் மேலும் அமிலமாக்குகிறது. கொழுந்து பறிக்கப் பறிக்க மண்ணிலிருந்த கல்சியமும் மக்னீசியமும் கூடையோடு போய்விடுகின்றன. பீஎச் அளவுக்கு மீறி இறங்கிவிட்டால், காசு கொடுத்து வாங்கிப் போடும் உரம்கூடச் செடிக்குச் சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் மண்ணைப் பரிசோதித்துப் பார்த்துக் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடும்படி தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. கல்சியமும் மக்னீசியமும் காபனேற்றாகச் சேர்ந்த கல்தான் டொலமைட். அது தான் கரைந்துபோய் மண்ணின் அமிலத்தை அடக்குகிறது.

கடலிலும் இப்போது அமிலம் ஏறுகிறது. அங்கே உரத்தின் இடத்தில் இருப்பது புகை.

நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்னர் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 280 பங்கு இருந்த வாயு இது. 1958இல் சார்ள்ஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கடல் பங்குபோட்டு வாங்கிக்கொள்ளாவிட்டால் பூமி இதைவிடச் சூடாகியிருக்கும். அந்த உதவிக்குக் கடல் கொடுக்கும் விலையைப் பற்றித்தான் இந்த உரை.

காபனீரொட்சைட்டு நீரில் கரைந்ததும் காபோனிக் அமிலம் உண்டாகிறது. அதிலிருந்து ஐதரசன் அயன்கள் பிரிகின்றன. பிரிந்த அயன்கள், கடல் நீரில் ஏற்கனவே கரைந்திருக்கும் காபனேற்றைப் பிடித்து இருகாபனேற்றாக மாற்றிவிடுகின்றன. சிப்பி, சங்கு, நத்தை, பவளம் ஆகியவை கல்சியத்தையும் காபனேற்றையும் சேர்த்துத்தான் தங்கள் ஓட்டையும் கூட்டையும் கட்டுகின்றன. கடலில் கல்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. காபனேற்றுக்குத்தான் இப்போது தட்டுப்பாடு வருகிறது.

கடலின் மேல்நீர் முன்னர் 8.2 பீஎச் அளவில் இருந்தது. இப்போது 8.1க்கு வந்திருக்கிறது. 0.1 என்பது பார்வைக்கு ஒன்றுமில்லாத எண். ஆனால் பீஎச் மடக்கை அளவுகோல் என்பதை உயர்தர மாணவர்கள் அறிவார்கள். 0.1 இறங்கினால் ஐதரசன் அயன்களின் செறிவு ஏறத்தாழ 26 சதவீதம் கூடிவிடும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தொடக்கத்திலேயே களைந்துவிட வேண்டும். விஞ்ஞான வகுப்பில் கோழி முட்டையை வினாகிரியில் போட்டுப் பார்த்திருப்போம். போட்ட கணமே ஓட்டின் மேல் குமிழிகள் பொங்கும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஓடு முழுவதும் போய், உள்ளே மஞ்சள் கரு தெரிய, மெல்லிய தோலோடு முட்டை கையில் தளதளக்கும். கடல் அப்படி ஆகப்போவதில்லை. கடல் இன்றும் காரத்தன்மை உள்ளதுதான். இந்த நூற்றாண்டு முடிந்தாலும் அது 7க்குக் கீழே இறங்காது. காலை நனைத்தால் எரியாது, நாக்கில் வைத்தால் புளிக்காது. மனித உடம்புக்குத் தெரியாத அந்த மாற்றம், மணலளவு உடம்பில் ஓடு கட்டத் தொடங்கும் ஒரு குஞ்சுக்குத் தெரிகிறது.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து எரிந்தபோது, அதிலிருந்த சுமார் 25 தொன் நைத்திரிக் அமிலத்தைப் பற்றி நாடே பதறியது. பதறியது சரிதான், கரையொதுங்கிய ஆமைகளையும் பிளாஸ்டிக் மணிகளையும் மறக்க முடியாது. ஆனால் உலகக் கடல்கள் ஆண்டொன்றுக்கு உறிஞ்சும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1,000 கோடி தொன். அதற்குத் தீயும் இல்லை, தொலைக்காட்சிப் படமும் இல்லை, வழக்குப் போட ஒரு கப்பற் கம்பனியும் இல்லை.

சிற்றுயிர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டிய இடம் ஒரு சிப்பிக் குஞ்சுப் பண்ணை. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் இருக்கும் விஸ்கி கிரீக் என்ற பண்ணை அது. உண்ணும் சிப்பிகளின் குஞ்சுகளைத் தொட்டிகளில் வளர்த்து, சுற்றியுள்ள சிப்பி வளர்ப்பாளர்களுக்கு விற்பது அதன் தொழில். 2007ஆம் ஆண்டளவில் தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்து அடியில் படிந்தன. முதலில் பற்றீரியா மேல் சந்தேகம் விழுந்தது. நீரைச் சுத்திகரித்தும் சாவு நிற்கவில்லை. பிறகுதான் அலன் பார்ட்டனும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் நீரின் இரசாயனத்தைப் பார்த்தார்கள். வடக்கிலிருந்து பலமாகக் காற்று வீசும் நாட்களில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அந்த நீரில் காபனீரொட்சைட்டு அதிகம். அந்த நீர் தொட்டிக்குள் வந்த நாட்களில் உருவான குஞ்சுகள் பிழைக்கவில்லை. ஆய்வு முடிவுகள் 2012இல் வெளிவந்தன.

ஏன் பிழைக்கவில்லை என்பதில்தான் இந்த விடயத்தின் உயிர்நாடி இருக்கிறது. சிப்பி முட்டை கருவுற்றதிலிருந்து முதல் இரண்டு நாட்களில் அந்தக் குஞ்சுக்கு வாய் இல்லை. நீரிலிருந்து இரை எடுக்கும் உறுப்பு இன்னும் வளரவில்லை. தாய் முட்டைக்குள் வைத்துக் கொடுத்த கொழுப்பு ஒன்றுதான் கையிருப்பு. அந்தக் கையிருப்பைக் கொண்டு ஆங்கில டி எழுத்தின் வடிவில் முதல் ஓட்டை அது கட்டி முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் இரை. அந்த 48 மணி நேரத்தில் உடல் எடையில் பெரும்பங்கு ஓடாகவே சேர்கிறது. அந்த ஓடு அரகனைட் என்ற, எளிதில் கரையக்கூடிய சுண்ணக வகையால் ஆனது. நீரில் காபனேற்று தாராளமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். குறைந்திருந்தால் அதே ஓட்டைக் கட்டக் கூடுதல் சக்தியைச் செலவழிக்க வேண்டும். இரை எடுக்கும் உறுப்பு வளர்வதற்கு முன்னரே கையிருப்புத் தீர்ந்துபோகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஓடு கரைந்து செத்ததாகத் தோன்றும். உண்மையில் அது பசியில் செத்தது.

பண்ணைக்காரர்கள் கண்ட வழி நம் தோட்டத்து வழியேதான். தொட்டிக்கு வரும் நீரில் சோடியம் காபனேற்றைக் கலந்து அமிலத்தைத் தணித்தார்கள். நீரை மணிக்கு மணி அளக்கும் கருவிகளை வைத்தார்கள். குஞ்சுகள் மறுபடி பிழைத்தன. கவ்வாத்து மலைக்கு டொலமைட். சிப்பித் தொட்டிக்குச் சோடா. ஆனால் மலைக்கு வரம்பு உண்டு, தொட்டிக்குச் சுவர் உண்டு. இந்து சமுத்திரத்துக்கு எத்தனை லொறி டொலமைட் போடுவது?

தொட்டிக்கு வெளியே, திறந்த கடலில் நடப்பதைக் காட்டிக்கொடுத்தவை கடல் வண்ணத்துப்பூச்சிகள். இவை நத்தை இனம். சில மில்லிமீற்றர் அளவு. நத்தையின் பாதம் இவற்றில் இரண்டு சிறகுகளாக விரிந்திருக்கிறது. அவற்றை அடித்துக்கொண்டு நீரில் பறப்பதால் அந்தப் பெயர். ஓடு கண்ணாடிபோல் தெளிந்தது, மெல்லியது, அதுவும் அரகனைட்தான். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த நூற்றாண்டின் இறுதியில் தென்சமுத்திரத்தில் எதிர்பார்க்கப்படும் நீரில் உயிருள்ள கடல் வண்ணத்துப்பூச்சிகளை விட்டார்கள். 48 மணி நேரத்துக்குள் ஓட்டின் ஓரங்கள் அரிக்கத் தொடங்கின. அது ஆய்வுகூடத்தில் நடந்தது. 2008இல் அந்தாட்டிக்காவுக்கு அருகே கடலிலிருந்தே உயிரோடு பிடித்தவற்றை நீனா பெட்னார்செக்கும் சகாக்களும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, எதிர்காலத்துக்கென்று எண்ணியிருந்த அரிப்பு அப்போதே அந்த ஓடுகளில் இருந்தது.

இன்னும் சிறியவை போராமினிபெரா. ஒரே கலம், அதைச் சுற்றிச் சுண்ணாம்பு அறைகள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சலெஞ்சர் கப்பல் சேகரித்த மாதிரிகள் இலண்டன் அரும்பொருளகத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றையும் அண்மைக் காலத்தில் தாரா என்ற கப்பல் பசிபிக் சமுத்திரத்தில் சேகரித்தவற்றையும் ஊடுகதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டவர்கள் 2020இல் முடிவை வெளியிட்டார்கள். இன்றைய ஓடுகள் எல்லாமே மெலிந்திருந்தன. சிலவற்றில் 76 சதவீதம் வரை. பாட்டன் காலத்துப் போத்தல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்ததால் கிடைத்த அறிவு இது. அரும்பொருளகங்களுக்குச் செலவழிப்பது வீண் என்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

எல்லா ஓட்டுயிர்களும் ஒரே மாதிரித் துன்பப்படுகின்றன என்று சொன்னால் அது உண்மையாகாது. 2009இல் ஜஸ்டின் ரீஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 18 வகை உயிர்களைக் காபனீரொட்சைட்டு மிகுந்த நீரில் வளர்த்துப் பார்த்தார். சங்கு வகையும் சில மட்டிகளும் ஓட்டை இழந்தன. நண்டும் சிங்க இறாலும் இறாலும் முன்னைவிடத் தடித்த ஓட்டைக் கட்டின. தடித்த ஓடு நன்மையா என்பது வேறு கேள்வி. அதற்கும் சக்தி செலவாகிறது. இத்தாலியின் இஸ்கியா தீவருகே கடலடியிலிருந்து காபனீரொட்சைட்டு இயற்கையாகவே குமிழியிடும் இடம் ஒன்று உண்டு. குமிழிகளை நெருங்க நெருங்கப் பவளமும் சுண்ணாம்புப் பாசியும் மறைகின்றன, நத்தைகளின் ஓடு அரிபடுகிறது, கடற்புல் மட்டும் செழித்து நிற்கிறது. கடல் உயிரற்றுப் போவதில்லை. யார் யார் இருப்பது என்பதுதான் மாறுகிறது.

இலங்கையைச் சுற்றியுள்ள கடல் வெப்பக் கடல். குளிர்நீரைப்போல அது வாயுவை அதிகம் பிடித்துவைப்பதில்லை. மேல்நீரில் அரகனைட் தானாகக் கரையும் நிலை இங்கே இல்லை. இங்குள்ள உயிர்களுக்கு வருவது கட்டுமானச் செலவு ஏறும் தொல்லை. ஆனால் ஓரிகனில் நடந்ததுபோல் ஆழ்நீர் மேலே வரும் இடங்கள் நம் கடலிலும் உண்டு. அந்த இடத்தில் கடலும் ஊவா மலையும் ஒரே காற்றில் கட்டுண்டிருக்கின்றன.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்மேல் பருவக்காற்று நுவரெலியா, ஹற்றன் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. கொழுந்து வாடி நின்று மணம் ஏற, உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கு விலை கிடைப்பது அந்தப் பருவத்தில்தான். அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே போய், வங்காள விரிகுடாவில் கடலைச் சுழற்றி ஆழத்துக் குளிர்நீரை மேலே இழுக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த விநயசந்திரனும் ஜப்பானியரான யமகத்தாவும் 1998இல் விவரித்த இந்த நீர்மேட்டுக்கு ‘இலங்கைக் குவிமாடம்’ என்றே பெயர். தென்கரையிலும் அதே காலத்தில் ஆழ்நீர் ஏறுகிறது. அதில் உரச்சத்து அதிகம், அதனால் மீன் அதிகம். காபனீரொட்சைட்டும் அதிகம். ஆழ்நீரில் இயற்கையாக இருப்பதன் மேல் மனிதர் சேர்ப்பதும் சேர்ந்தால், முதலில் நெருக்கடி வருவது அங்கேதான்.

வங்காள விரிகுடாவில் இன்னொரு சுமையும் உண்டு. இந்தியாவின் தேசிய கடலாய்வு நிறுவனத்தின் விசாகப்பட்டினக் கிளையைச் சேர்ந்த சர்மாவும் சகாக்களும் விரிகுடாவின் வடமேற்குக் கரையோர நீரை 1991ஆம் ஆண்டு அளவுகளோடு 2011இல் ஒப்பிட்டார்கள். காபனீரொட்சைட்டு மட்டும் காரணமென்றால் இறங்கியிருக்க வேண்டிய அளவைவிடப் பீஎச் வேகமாக இறங்கியிருந்தது. இந்தியப் பெருநிலத்திலிருந்து காற்றில் மிதந்து வந்து கடலில் விழும் கந்தக, நைதரசன் மாசுகளே அதற்குக் காரணம் என்று அவர்கள் எழுதினார்கள். அனல்மின் நிலையப் புகை வானத்தில் கலைந்து போய்விடுகிறது என்று நினைப்பது எவ்வளவு பிழை! நமது நுரைச்சோலை அனல்மின் நிலையமும் கற்பிட்டிக் குடாநாட்டில், பவளப் பாறைகள் கிடக்கும் கடலின் விளிம்பில்தான் நிற்கிறது.

மலையக மக்களின் வரலாறு ஒரு சிப்பிக் கரையில்தான் கால் வைத்தது. இராமநாதபுரம் கரையில் படகேறிய முன்னோர் பலர் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அதே அரிப்பில்தான் ஆங்கிலத் தேசாதிபதி முத்துக்குளிப்பை மேற்பார்வையிட மாளிகை கட்டியிருந்தார். 1905இல் மன்னார்ப் பார்களிலிருந்து 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே பார்கள் வெறுமையாயின. அந்த வெறுமைக்கும் கடலின் அமிலத்துக்கும் தொடர்பில்லை. நீரோட்டம், இரைகொல்லி மீன்கள், அளவுமீறிய அறுவடை எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஆனால் மீண்டும் அங்கே முத்துச்சிப்பி பெருக வேண்டுமானால் இனி அது வேறு நீரில் பெருக வேண்டியிருக்கும். அதே இன முத்துச்சிப்பியை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பீஎச் 7.8, 7.6 ஆக உள்ள நீரில் 28 நாட்கள் வைத்து, ஓட்டை அழுத்தி உடைத்துப் பார்த்தார்கள். சாதாரண நீரில் இருந்தவற்றைவிட ஓட்டின் உறுதி ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருந்தது. ஓடு நொறுங்கினால் நண்டுக்கும் திருக்கைக்கும் வேலை சுலபம்.

முத்து செல்வர்களின் பொருள் என்று ஒதுக்கலாம். லயத்து அடுப்பில் தக்காளியோடு வதங்கும் நெத்தலியை அப்படி ஒதுக்க முடியாது. நெத்தலி உண்பது கடலில் மிதக்கும் சிற்றுயிர்களை. சிப்பி, நத்தைக் குஞ்சுகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இறைச்சி வாங்க முடியாத நாட்களில் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் புரதம் அந்தக் கருவாடுதான். அடித்தளத்தில் ஆள் மாறினால் மேலே மீனும் மாறும், விலையும் மாறும். அந்த விலையை முதலில் உணர்வது நாட்சம்பளக் குடும்பம்.

இந்த மலைகளும் சும்மா இருக்கவில்லை. மழைநீர் பாறையைக் கரைக்கிறது. கரைந்த கல்சியமும் இருகாபனேற்றும் பதுளை ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்தவில் 64 மீற்றர் விழுந்து, மகாவலியோடு கொட்டியாரக் குடாவில் போய்க் கடலில் கலக்கின்றன. உலகத்து ஆறுகள் எல்லாம் இப்படித்தான் கடலின் அமிலத்தைத் தணித்து வந்திருக்கின்றன. சுமார் 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒருமுறை காற்றில் காபன் பெருகி, ஆழ்கடல் போராமினிபெரா இனங்களில் பெரும்பங்கு அழிந்தபோதும் கடலை மீட்டது இந்தக் கரைசல்தான். ஆனால் அதற்கு ஓர் இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. நாம் இரு நூற்றாண்டுகளில் சேர்த்த சுமைக்கு ஆற்றின் வேகம் போதாது.

புகை குறைந்தால்தான் கடல் தேறும். ஐக்கிய நாடுகள் காலநிலைக் குழுவின் கணக்கில், புகை இப்படியே பெருகினால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடலின் பீஎச் மேலும் சுமார் 0.3 இறங்கும். வேகமாகக் குறைத்தால் இறக்கம் 0.1க்கும் குறைவாகவே நிற்கும். அந்த முடிவை எடுக்கும் இடம் பதுளையில் இல்லை. பெரிய நாடுகளின் தலைநகரங்களில் இருக்கிறது. அதை உரத்துச் சொல்லும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு, ஏனென்றால் ஒரு லயத்துக் குடும்பம் வெளிவிடும் புகை அந்த நாடுகளின் கணக்கில் தூசுக்குச் சமானம்.

நம் கையில் இருப்பது ஆற்றில் போகும் உரம். அளவுக்கு மீறிப் போட்ட நைதரசன் மழையில் கழுவப்பட்டுக் குடாவுக்குப் போனால் அங்கே பாசி பெருகுகிறது. பாசி அழுகும்போது காபனீரொட்சைட்டு வெளிவந்து அந்தக் கரையோர நீரை இன்னும் அமிலமாக்குகிறது. வெலிமடை மரக்கறித் தோட்டங்களிலும் தேயிலை மலைகளிலும் மண்பரிசோதனை முடிவைப் பார்த்து உரம் போடுவது விவசாயியின் பணப்பைக்கும் நல்லது, கொட்டியாரக் குடாவின் சிப்பிக் குஞ்சுக்கும் நல்லது. கவ்வாத்து வெட்டிய சரிவில் வாதுக் குப்பையை அள்ளிப் போகாமல் அங்கேயே பரப்பி வைத்தால் மேல்மண்ணும் உரமும் ஓயாவுக்கு ஓடுவது குறையும்.

விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பீஎச் தாளும் நைத்திரேற்று சோதனைப் பொருட்களும் பெரிய விலையில்லை. ஹாலி-எல பக்கத்திலிருந்து துன்ஹிந்த வரை பதுளை ஓயாவின் நீரைத் தேயிலைக்கு உரம் போடும் வாரத்திலும், அதற்கு முன்னும், மழை ஓய்ந்த பின்னும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வைக்க மாணவர்களால் முடியும். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. அளவு சரியா என்று பார்க்க அங்கே ஆட்கள் உண்டு. மூதூரிலோ கிண்ணியாவிலோ உள்ள ஒரு பாடசாலை, அதே நாட்களில் கடல் முனையில் அளக்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது. இந்தத் தவணையிலேயே இரண்டு பாடசாலைகள் முன்வந்தால், பங்குனியில் முதல் அளவுகளை எடுத்துவிடலாம்.